வாடகைக்கு இருப்பவருக்கும் ஒரு விலாசம் வேண்டும்

கொஞ்சம் நீண்ட பதிவு. ஹுணுப்பிட்டி, மாபோல, எண்டேரமுல்ல பக்கம் வீட்டை வாடகைக்குக் கொடுத்திருப்பவர்களும், வாடகைக்கு இருப்பவர்களும் முழுதாக வாசித்துவிட்டுப் பேசினால் நல்லது.

போன மாதம் தரம் 4 பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதப் படிப்பித்தோம். வலது பக்கம் மேல் மூலையில் விலாசம், அதற்குக் கீழே திகதி. எல்லாரும் எழுதிவிட்டார்கள். ஒரு மகன் மட்டும் அந்த மூலையை வெறுமையாக விட்டுவிட்டு, நேராக "அன்புள்ள மாமாவுக்கு" என்று தொடங்கியிருந்தான். ஏன் விலாசம் எழுதவில்லை என்று கேட்டோம்.

"டீச்சர், நாங்க ஊடு மாறப் போற. பழைய ஊட எழுதவா, புது ஊட எழுதவா? புதுசு எங்க எண்டு வாப்பாக்கும் தெரியா."

"பென்சிலால எழுதுங்க மகன், பிறகு மாத்தலாம்" என்று சொல்லிவிட்டோம். சொன்ன பிறகு மனதுக்குச் சரியாகப் படவில்லை. தரம் 1இல் சேர்ந்ததிலிருந்து அவன் மூன்று வீடு மாறிவிட்டான். ஒவ்வொரு மாற்றத்திலும் ஒரு கொப்பி தொலையும், ஒரு கிழமை லீவு போகும், கூட விளையாடிய பிள்ளை தூரமாகிப் போகும். எங்கள் வகுப்பில் பாதிப் பேராவது இப்படிப்பட்ட பிள்ளைகள்தான்.

இதை எழுதுகிற நாங்களும் வாடகைக்காரர்தான். ஊர் புத்தளம் பக்கம். கல்வியியற் கல்லூரி முடித்து, கொழும்பில் ஒரு பாடசாலைக்கு நியமனம் கிடைத்து வந்தோம். வீட்டில் அவருக்குப் புறக்கோட்டையில் வேலை. ஒன்பது வருடம் போய்விட்டது. இப்போது இருப்பது ஐந்தாவது வீடு. முதல் வீட்டை விட்டது உரிமையாளரின் மகளுக்குக் கலியாணம் முடிந்ததால். இரண்டாவது வீடு விற்பட்டது. மூன்றாவது வீட்டில் 2022இல் ஒரே மூச்சில் 22,000 ரூபாவை 35,000 ஆக்கினார்கள். சாமான் விலை எல்லாம் ஏறிய வருடம், அவர்களுக்கும் கஷ்டம்தான், ஆனால் எங்கள் சம்பளம் அந்த அளவுக்கு ஏறவில்லை. நான்காவது வீட்டுக்காரரின் மகன் சவூதியிலிருந்து திரும்பி வந்துவிட்டார். இந்தக் காரணங்களில் ஒன்றைக்கூட அநியாயம் என்று சொல்ல மாட்டோம். அவரவர் வீடு, அவரவர் தேவை. நாங்கள் பேச வந்தது வேறு விஷயம்.

இந்தப் பக்கம் ஏன் இவ்வளவு வாடகைக்காரர் என்று எல்லோருக்கும் தெரியும். புதுக்கடை, வாழைத்தோட்டம், மாளிகாவத்தையில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கே அங்கே ஓர் அறை எடுக்க முடியாத நிலை. களனி கங்கையைத் தாண்டினால் கம்பஹா மாவட்டம், வாடகை கொஞ்சம் இறங்கும். கோச்சி இருக்கிறது. ஹுணுப்பிட்டியில் ஏறினால் வனவாசல, களனி, தெமட்டகொடை, மருதானை, கோட்டை. கம்பஹா, வெயாங்கொடை பக்கமிருந்து வரும் கோச்சி எங்களிடம் வரும்போதே நிரம்பித்தான் வரும், மிதிபலகையில் ஒரு காலை வைக்க இடம் கிடைத்தால் அல்ஹம்துலில்லாஹ். அரசாங்க ஊழியருக்கு சீசன் டிக்கெட் சலுகை இருப்பதால் போக்குவரத்துச் செலவும் தாங்கும். பள்ளிவாசல் கிட்ட, ஹலால் கடை கிட்ட. இதையெல்லாம் பார்த்துத்தான் கல்முனையிலிருந்தும் மாவனல்லையிலிருந்தும் புத்தளத்திலிருந்தும் ஆட்கள் இங்கே வருகிறார்கள். வந்து, இருந்து, பிள்ளை பெற்று, பத்து வருடம் போன பிறகும் அவர்கள் இங்கே "வெளியாக்கள்".

விஷயத்துக்கு வருவோம். தரம் 1 அனுமதிக் காலம் வந்தால் எங்களிடம் பெற்றோர் ஃபைலோடு வருவார்கள். டீச்சர், இது சரியா, அது போதுமா என்று கேட்பார்கள். இந்த முறை ஒரு தாய் வந்தார். பாடசாலை மணி அடித்தால் கேட்கிற தூரத்தில் ஆறு வருடமாகக் குடியிருக்கிறார். ஃபைலைத் திறந்தால் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, தாய் தகப்பனின் அடையாள அட்டை. அவ்வளவுதான். லைட் பில் வீட்டு உரிமையாளரின் பெயரில், தண்ணீர் பில்லும் அப்படியே. வாடகை ஒப்பந்தம் இல்லை, வாய்ப் பேச்சுத்தான். வாக்காளர் இடாப்பில் பெயர் ஊரில். அடையாள அட்டையில் இருப்பதும் ஊர் விலாசம். ஆறு வருடம் இங்கே வாழ்ந்ததற்கு அந்தத் தாயிடம் ஒரு துண்டுக் கடதாசி இல்லை.

கல்வி அமைச்சின் சுற்றுநிருபப்படி, அண்மையில் வசிப்பவர் என்ற பிரிவில் புள்ளி வருவது இவற்றிலிருந்துதான்: கடந்த வருடங்களின் வாக்காளர் இடாப்பில் தாய் தகப்பனின் பெயர், வதிவிடத்தை உறுதிப்படுத்தும் ஆவணம், அதோடு சேரும் பில்கள், பிறகு தூரம். உங்கள் வீட்டுக்கு இன்னும் கிட்ட வேறு பாடசாலை இருந்தால் ஒவ்வொன்றுக்கும் புள்ளி கழியும். ஆக, மணிச் சத்தம் கேட்கிற தூரத்தில் இருக்கிற அந்தப் பிள்ளை, அதைவிடத் தூரத்தில் சொந்த வீட்டில் இருக்கிற பிள்ளைக்குப் பின்னால் போய்விடும். நேர்முகப் பரீட்சையில் அதிபரைக் குறை சொல்ல முடியாது. அவர் கடதாசியைத்தான் பார்க்க முடியும். அந்தத் தாய் கேட்டது இதுதான்: "நாங்க இங்க இல்லியா டீச்சர்?"

ஏன் பெயர் பதியவில்லை என்று கேட்டோம். பதிய முயன்றிருக்கிறார். உரிமையாளரின் மனைவி, "பேரப் போட வாணாம் மகள், பொறகு ஊடு கஷ்டத்துல விழும்" என்று சொல்லியிருக்கிறார். கிராம சேவகர் படிவத்தோடு வந்தபோது மேல்மாடியில் யாரும் இல்லை என்று சொல்லப்பட்டிருக்கிறது. மேலே இருந்த இவர் சத்தம் போடாமல் பிள்ளையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம், தான் அங்கே இல்லை என்பதற்குச் சாட்சியாக.

வீடு கொடுப்பவர்களின் பயத்தையும் நாங்கள் பரிகசிக்கவில்லை. நம்மிடம் வீடு கொடுப்பவர்களில் பலர் பணக்காரர் இல்லை. மகன் கட்டாரில் உழைத்து அனுப்பிய சல்லியில் மேல்தட்டுப் போட்டு, அந்த வாடகையில் மருந்து வாங்குகிற விதவை உம்மாமார் இருக்கிறார்கள். 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டத்துக்குள் அகப்பட்டு, அற்ப வாடகைக்குப் பல காலம் வீட்டைத் திரும்பப் பெற முடியாமல் இருந்தவர்களின் கதை கொழும்பில் ஒவ்வொரு குடும்பத்திலும் உண்டு. அந்தப் பயம் வாப்பாமாரிடமிருந்து பிள்ளைகளுக்கு வந்தது. ஆனால் அந்தச் சட்டத்துக்குப் பிறகு திருத்தங்கள் வந்து, பல வீடுகள் அதற்கு வெளியே போய்விட்டன. உங்கள் வீடு எதற்குள் வரும் என்பதை ஒரு நல்ல நொத்தாரிசிடம் அரை மணித்தியாலம் கேட்டால் தெரிந்துவிடும். கேட்காமல் பயந்துகொண்டே இருப்பதுதான் பிரச்சினை.

இரண்டு விஷயத்தைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். வாக்காளர் பதிவு 1980ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நடப்பது. ஒருவர் சாதாரணமாக எங்கே வசிக்கிறார் என்பதை அது பதிகிறது. வீடு யாருடையது என்பதை அது பதிவதில்லை. இடாப்பில் பெயர் இருப்பதால் யாருக்கும் வீடு சொந்தமாகாது. "பத்து வருடம் இருந்துவிட்டால் வீடு அவனுக்கே போய்விடும்" என்ற கதையும் அப்படித்தான். நீண்டகால ஆட்சியால் உரிமை கோருவதற்கு, உரிமையாளரின் உரிமையை மறுத்து, அதற்கு எதிராக அந்த இடத்தை வைத்திருந்திருக்க வேண்டும். உங்கள் அனுமதியோடு வந்து, மாதாமாதம் உங்களுக்கே வாடகை தருகிறவர் அப்படிச் சொல்ல முடியாது, அவர் வாடகைக்கு வந்தவர் என்பதற்கு எழுத்து இருந்தால். எழுத்து இல்லாவிட்டால்தான் வழக்கு நீளும். ஆக, எந்தக் கடதாசிக்குப் பயந்து ஒதுங்குகிறோமோ அந்தக் கடதாசிதான் சொந்தக்காரருக்கும் பாதுகாப்பு.

முத்திரை ஒட்டிய தாளில் இரண்டு பேர் கையெழுத்து வைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். நம் நாட்டுச் சட்டத்தில் ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னால் எழுதப்பட வேண்டும். அப்படி எழுதிப் பதிந்த ஒப்பந்தம்தான் பாடசாலை அனுமதியிலும் மதிப்புப் பெறும். செலவு உண்டு. அதை இருவரும் பாதிப் பாதி போட்டுக்கொள்ளலாம். குர்ஆனில் மிக நீளமான வசனமே கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது என்று மதரஸாவில் நாமே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். ஒரு வருட அட்வான்ஸ் என்று ஐந்து லட்சம் கைமாறும்போது மட்டும், "நம்மடாக்கள்தானே, என்னத்துக்கு எழுத்து" என்கிறோம்.

அந்த அட்வான்ஸ் அமானிதம். அதை மகளின் கலியாணத்துக்குச் செலவழித்துவிட்டு, வாடகைக்காரர் போகும் நாளில் "அடுத்த ஆள் வந்து தந்தாத்தான் தருவன்" என்று சொல்வது சரியா? எங்களுக்கு ஒரு வீட்டில் பெயின்ட் செலவு என்று இரண்டு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டார்கள். நாங்கள் போகும்போதே சுவர் ஊறல் விழுந்திருந்தது. ஆனால் அதைக் காட்ட எங்களிடம் ஒரு படம்கூட இல்லை. அது எங்கள் பிழை. சாவி வாங்கிய அன்றே கையில் இருந்த ஃபோனில் நாலு படம் எடுத்திருக்கலாம்.

லைட் பில்லையும் சொல்ல வேண்டும். மின்சாரக் கட்டணம் படிபடியாக ஏறுவது. யூனிட் கூடக் கூட ஒரு யூனிட்டின் விலையும் கூடும். கீழே ஒரு குடும்பம் 80 யூனிட், மேலே ஒரு குடும்பம் 80 யூனிட் என்று வையுங்கள். தனித்தனி மீட்டர் இருந்தால் இருவரும் கீழ்ப்படியிலேயே நிற்பார்கள். ஒரே மீட்டர் என்றால் அது 160 யூனிட், மேல்படி விலைக்குப் போய்விடும். அந்தக் கூடுதல் அநேகமாக மேல்மாடிக்காரர் தலையில்தான். சில வீடுகளில் பில்லையே காட்டுவதில்லை, தொகையை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். மேல்தட்டுக்கு வேறாக ஒரு மீட்டர் எடுத்துவிட்டால் செலவு ஒரு தரம்தான். சண்டையும் இல்லை. அந்த மாடியில் ஒரு குடும்பம் வாழ்கிறது என்று சொல்ல ஒரு பில்லாவது இருக்கும்.

பெயர் இல்லாததன் விலை பாடசாலையோடு முடிவதில்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு களனி கங்கை பெருகியபோது பள்ளமான ஒழுங்கைகளில் எத்தனை வீட்டுக்குள் தண்ணீர் வந்தது என்று கண்டோம். எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தின் கட்டில், மெத்தை, தையல் மெஷின் எல்லாம் போய்விட்டது. சமைத்த சாப்பாட்டைக் கொண்டுவந்து கொடுத்த இளைஞர்கள் யாரிடமும் பெயர் கேட்கவில்லை. அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி கொடுக்கட்டும். ஆனால் பட்டியல் எழுதத் தொடங்கியதும் முதல் கேள்வி, எந்தக் கிராம சேவகர் பிரிவு, இடாப்பில் பெயர் இருக்கிறதா என்பதுதான். அவர்கள் ஊருக்கும் இங்குமாக எத்தனை தரம் அலைந்தார்கள்!

இன்னொன்று, சொல்ல வலிக்கும், ஆனாலும் சொல்ல வேண்டும். 2019 ஏப்ரலுக்குப் பிறகு நாங்கள் வத்தளைப் பக்கம் ஒரு வீடு பார்த்தோம். ஃபோனில் எல்லாம் சரி. பெயரைச் சொன்னதும், வீடு கொடுத்தாயிற்று என்றார்கள். அந்த விளம்பரம் அடுத்த கிழமையும் இருந்தது. அந்த நாட்களில் நம்மில் எத்தனை பேருக்கு இது நடந்தது! பெயரைக் கேட்டே கதவைச் சாத்துவது எவ்வளவு கேவலம் என்று நாமெல்லாம் பேசினோம், எழுதினோம். அதே மாதத்தில் எங்களுக்கு வீடு தந்ததும் ஒரு சிங்களக் குடும்பம்தான். பொலிஸில் விபரம் கேட்டபோது அந்த அம்மாவே எங்களோடு வந்து, இவர்கள் என் வீட்டில் இருப்பவர்கள் என்று சொன்னார். அந்த வருடம் கிராம சேவகரின் படிவத்தில் மேல்மாடிக்கு எங்கள் பெயரை எழுதச் சொன்னதும் அவர்தான்.

அதற்குப் பிறகு நம்மவர் வீடுகள் பார்க்கப் போனோம். "எந்த ஊர்?" "கெழக்கா, புத்தளமா?" "புள்ளைகள் எத்தன?" "டீச்சர்மாருக்குக் குடுக்க மாட்டம், டியூஷன் குடுத்து ஊட்ட ஸ்கூலாக்குவாங்க." மூன்று பிள்ளை என்றதும் புரோக்கர் ஃபோனை வைத்த சம்பவமும் உண்டு. நமக்குச் செய்தால் அநியாயம், நாம் செய்தால் "எங்கட ஊடு, எங்கட விருப்பம்". இரண்டு தராசு வைத்துக்கொள்ள முடியாது.

பள்ளிவாசல் இடாப்பிலும் இதே கதைதான். நோன்புக் கஞ்சிக்குச் சல்லி சேர்க்கும்போது வாடகை வீட்டுக் கதவும் தட்டப்படும், சந்தோசமாகக் கொடுப்போம். மகளின் நிக்காஹுக்குக் கடிதம் வேண்டும், ஸகாத் பட்டியலில் ஒரு கஷ்டப்பட்ட குடும்பத்தைச் சேர்க்க வேண்டும் என்று போனால் மட்டும் "ஒங்கட ஊர்ப் பள்ளில கேளுங்க" என்பார்கள். ஊரிலோ, "நீங்க கொழும்பாக்கள்தானே" என்பார்கள். வாடகைக்காரர் சந்தா கட்டவும் மஹல்லாவில் பெயர் பதியவும் வழி செய்திருக்கிற பள்ளிவாசல்களும் இருக்கின்றன. அங்கே ஒன்றும் குலைந்துபோய்விடவில்லை.

இனி எங்களைப் பற்றியும், வாடகைக்கு இருப்பவர்களைப் பற்றியும் நேர்மையாகச் சொல்வோம். அந்தச் சிங்கள அம்மா சொல்லும் வரைக்கும் நாங்களே எங்கள் வாக்கை ஊரில்தான் வைத்திருந்தோம். பிரதேச சபைத் தேர்தலில் சொந்தக்காரர் கேட்கிறார், காணி உறுதி இருக்கிறது, ஊர்த் தொடர்பு விட்டுப் போகும் என்றெல்லாம் நினைத்தோம். ஒருவருடைய பெயர் ஓர் இடத்தில்தான் இருக்கலாம். இங்கே வாழ்ந்துகொண்டு அங்கே பெயரை வைத்தால், இங்கே நம் பிள்ளைக்காகப் பேச யாருக்கும் தேவை வராது. வாக்கு இல்லாத ஒழுங்கையில் வடிகான் வெட்ட எந்த அரசியல்வாதி வருவார்?

வாடகையை இழுத்தடிப்பவர்கள், உடன்பட்ட நாள் வந்தும் எழும்பாதவர்கள், கேட்காமல் இன்னொரு குடும்பத்தைக் கூட்டி வைத்துக்கொள்பவர்கள், சுவரெல்லாம் ஆணி அடித்துவிட்டுப் போகிறவர்கள் நம்மில் உண்டு. அப்படி ஒருவர் செய்தால் அடுத்து வரும் பத்துக் குடும்பத்துக்குக் கதவு மூடும். அந்த உம்மாவின் பயத்தில் எங்கள் பங்கும் இருக்கிறது.

ஆகவே, பெரிய திட்டம் ஒன்றும் கேட்கவில்லை. நம் கையாலேயே செய்யக்கூடியது இவ்வளவுதான்:

1. வீடு கொடுப்பவர்களே, கிராம சேவகர் படிவத்தோடு வரும்போது மேல்மாடியில் ஆள் இருப்பதைச் சொல்லுங்கள். அங்கே வாழ்பவரின் பெயரை எழுத விடுங்கள்.

2. இருவரும் நொத்தாரிசிடம் போய் ஒப்பந்தம் எழுதுங்கள். எவ்வளவு காலம், வாடகை எவ்வளவு, எப்போது எவ்வளவு கூடும், எழும்ப எத்தனை மாத முன்னறிவித்தல், அட்வான்ஸ் எப்போது திரும்பும் என்பதெல்லாம் அதில் வரட்டும். பிள்ளை இருக்கிற குடும்பத்தை எழுப்புவதென்றால், முடிந்தால் டிசம்பர் விடுமுறையோடு சேர்த்துக் கேளுங்கள். இடையில் எழுப்பினால் அடிபடுவது பிள்ளையின் படிப்பு.

3. மாதாமாதம் வாடகைக்கு ஒரு ரிசீட், அல்லது வங்கிக் கணக்கில் போடுங்கள். இருவருக்கும் சாட்சி அதுதான்.

4. வாடகைக்காரர்களே, சாவி வாங்கும் நாளில் வீட்டைப் படம் எடுத்து உரிமையாளருக்கும் அனுப்புங்கள். சொன்ன நாளில் வாடகை கொடுங்கள், சொன்ன நாளில் எழும்புங்கள். ஊரில் இருக்கும் பெயரை இங்கே மாற்றுங்கள். மாற்றிய பிறகு தேர்தல் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் அடையாள அட்டை இலக்கத்தைப் போட்டுப் பாருங்கள். பிள்ளைக்கு ஐந்து வயதாகும்போது ஓடிப் பயனில்லை. பிள்ளை தொட்டிலில் இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை இது.

5. பள்ளிவாசல் நிர்வாகிகளே, மஹல்லாவில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு வேறாக ஓர் இடாப்பாவது திறவுங்கள். வீட்டுக்காரருக்கும் வாடகைக்காரருக்கும் பிரச்சினை வந்தால் கேட்டுத் தீர்த்துவைக்க இரண்டு பெரியவர்களைப் போடுங்கள். பொலிசுக்குப் போவதற்கு முன் பாதிப் பிரச்சினை அங்கேயே முடியும்.

அந்தத் தாய்க்கு இந்த வருடம் எங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. பிள்ளைக்குத் தூரத்தில் ஒரு பாடசாலைதான் அமையும் போல இருக்கிறது. ஆறு வயதுப் பிள்ளை காலை ஆறு மணிக்கு வேனில் ஏற வேண்டும், வேன் காசு வேறு. அவருக்கு இன்னொரு கைக்குழந்தை இருக்கிறது. அந்தப் பிள்ளைக்காக இப்போதே பெயரைப் பதியுங்கள் என்று சொன்னோம். உரிமையாளரின் மனைவியிடம் நாங்களே ஒருநாள் போய்ப் பேசுவதாகவும் சொல்லியிருக்கிறோம். நல்ல மனுசி, விளங்கப்படுத்தினால் கேட்பார் என்ற நம்பிக்கை இருக்கிறது, இன்ஷா அல்லாஹ்.

அந்த மகனின் வாப்பாவுக்கு இன்னும் வீடு கிடைக்கவில்லை. ஹுணுப்பிட்டி ஸ்டேஷனுக்கு நடக்கிற தூரத்தில் இரண்டு அறை வீடு யாரிடமாவது இருந்தால் எங்களுக்குச் சொல்லுங்கள். நான்கு பேர் குடும்பம், அமைதியான ஆட்கள், வாடகை தவறாது. பெயர் பதிய விடுகிற வீடாக இருந்தால் இன்னும் நல்லது.